கண்டிக் கடுவன் நீரியல்

பாயிரம்

ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிவைத்த தொல்காப்பிய மரபியல், வெருகின் பிள்ளையைக் குட்டி என்று அழைக்கலாம் என்கிறது. ஆண் விலங்குகளுக்குரிய பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் கண்டியும் கடுவனும் அடுத்தடுத்து நிற்கின்றன. உரைகாரர்கள் எருமையையும் குரங்கையும் காட்டி விளக்கட்டும். கண்டி நகரத்துக் கடுவன் பூனைகளைப் பற்றி நூல் செய்யப் புகுந்தவனுக்கு இதற்கு மேல் முன்னோர் அனுமதி வேண்டியதில்லை.

ஆயினும் கடுவனின் சலத்தைப் பற்றி மரபியலில் ஒரு நூற்பாவும் இல்லை. தமிழ் வைத்தியம் நீர் நோய்களை நீரைப் பெருக்குவன, நீரை அருக்குவன என்று இரண்டாக்கி, கல்லடைப்பு, சதையடைப்பு, நீர்க்கட்டு, நீர்க்கடுப்பு எனக் கிளை விரித்தது; அத்தனையும் மனிதருக்கே. விறாந்தை மூலையில் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து, பத்தடி நடந்து மறுபடி குந்தும் பூனைக்கு அங்கே இடம் தரப்படவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்ததே இந்நூல்.

நூலின் எல்லை: வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே குண்டசாலை, மேற்கே பேராதனை, தெற்கே ஹந்தானை. கேட்போர்: இந்நான்கெல்லைக்குள் ஆண் பூனை வளர்ப்போரும், “நான் வளர்க்கயில்ல, அதுவா வந்து சேர்ந்திச்சு” என்போரும். பயன்: ஒரு பூனையின் உயிர். அமைப்பு: இயல் எட்டு, புறனடை ஒன்று.

முதலாவது: இடவியல்

கண்டிக் கடுவன் வாழிடத்தால் ஐவகைப்படும். சந்தைக் கடுவன், கடைக் கடுவன், பன்சாலைக் கடுவன், லயத்துக் கடுவன், வீட்டுக் கடுவன் என்பன அவை.

சந்தைக் கடுவன், மத்திய சந்தையின் மீன் பகுதியைப் பரம்பரைச் சொத்தாகக் கருதுவது. கத்தி விழும் ஓசையிலேயே வெட்டப்படுவது சூரையா பாரையா என்று அறியும். கடைக் கடுவன், திருகோணமலை வீதியிலும் கட்டுக்கலையிலும் அரிசி மூட்டைகளின்மேல் உறங்குவது. எலி பிடிக்கவென்று நியமனம் பெற்றது. அந்த நியமனத்தை எலிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பன்சாலைக் கடுவன், வீட்டில் குட்டி கூடிப்போயிற்று என்று இரவோடிரவாகக் கொண்டுபோய் விடப்பட்டுத் தானச் சோற்றில் வளர்ந்தது. கோயிலடியில் விடப்பட்டதும் இதிலேயே அடங்கும். பூனைக்கு மதபேதம் இல்லை. லயத்துக் கடுவன் ஆறு காம்பராக்களுக்குப் பொதுவானது, ஆறு வீட்டிலும் பட்டினி கிடப்பதாக நடிப்பது.

வீட்டுக் கடுவன் இருவகை: வெளியே போய்வருவது, கதவுக்குள்ளேயே கிடப்பது. பின்னதற்கு ஆண்மை நீக்கப்பட்டிருக்கும். தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருக்கும். பெட்டியிலிருந்து கொட்டும் உலர்தீனி தின்று உடம்பு பெருத்திருக்கும். நீர்த்தாரை அடைபடும் நோய் பெரும்பாலும் இதன் பெயரிலேயே பதிவாகிறது. அதிலும் இரண்டு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில்.

அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று மெய்க்காரணம்: நடமாட்டக் குறைவு, கொழுப்பு, நீர்ப்பசையற்ற உணவு, ஒரே கூரையின்கீழ் பிடிக்காத இன்னொரு பூனை ஆகிய இந்நான்கும் நோயை வளர்ப்பவை. மற்றது கணக்குக் காரணம்: சந்தைக் கடுவன் சலம் கழித்ததா இல்லையா என்று பார்க்க ஆளில்லை. அது மூன்று நாள் காணாமற்போனால் வேறு கடைக்குப் போய்விட்டதாகக் கணக்கு முடிக்கப்படும். எனவே வீட்டுக் கடுவனின் நோய்ப் பதிவில் ஒரு பங்கு, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் இருந்தார் என்பதற்கான பதிவு.

இரண்டாவது: குழாயியல்

சிறுநீரகம் இரண்டு, அங்கிருந்து இறங்கும் குழாய் இரண்டு, பை ஒன்று, வெளிவாசல் ஒன்று. இது கடுவனுக்கும் பெட்டைக்கும் பொது. வேறுபாடு கடைசிக் குழாயில் இருக்கிறது. பெட்டைக்கு அது குட்டையானது, அகலமானது. கடுவனுக்கு நீண்டு, போகப்போக ஒடுங்கி, நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வந்து நிற்கும். பெட்டைக்கும் அதே அழற்சி வரும், அதே கல் உண்டாகும். ஆனால் பெட்டையில் துன்பமாக முடிவது கடுவனில் மரணமாக முடியலாம். இந்நூல் கடுவனுக்கென்று தனியே செய்யப்பட்டதற்கு இந்த ஒரு மில்லிமீற்றரே காரணம்.

இனி நீர். வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. இரையின் உடம்பிலிருந்தே வேண்டிய நீரைப் பெற்று, குறைந்த நீரில் கழிவையெல்லாம் கரைத்து, மிகச் செறிந்த சலமாக வெளியேற்றும் திறம் அதற்கு இருந்தது. அத்திறம் மாறாமல் வழிவந்திருக்கிறது. தாகம் குறைந்த சுபாவமும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,800 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்யும் கண்டியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் மகாவலியும் இருக்க, நம் கடுவன் இன்னும் பாலைவனத்தில் வாழ்வதாகவே எண்ணித் தண்ணீர் குடிக்கிறது. இரை எலியாக இருந்தவரை இது குற்றமில்லை. எலியின் உடம்பில் பத்தில் ஏழு பங்களவு நீர். உலர்தீனியில் பத்தில் ஒரு பங்கே நீர். மீதியைக் கிண்ணத்தில் குடித்து ஈடுசெய்ய வேண்டும் என்று பூனைக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு தடையும் விடையும். “சின்ன வயசிலயே ஒபரேஷன் செஞ்சதாலதான் குழாய் சுருங்கிப்போச்சு” என்பது தடை. ஆண்மை நீக்கிய பூனைகளையும் நீக்காதவற்றையும் அளந்து பார்த்த மிருக வைத்தியர்கள் குழாயின் அகலத்தில் அப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை என்பது விடை. ஒபரேஷனுக்குப் பிறகு பூனை பெருப்பது உண்மை. அது கத்தியின் குற்றமன்று, கிண்ணத்தின் குற்றம்.

மூன்றாவது: நோயியல்

கடுவனின் கீழ்நீர் நோய்க்குக் காரணம் நான்கு: காரணம் தெரியாத அழற்சி, கல், சக்கை, கிருமி.

நான்கில் தலையாயது காரணம் தெரியாத அழற்சி. வைத்தியரிடம் வரும் பூனைகளில் பாதிக்கு மேல் இதுவே. பையின் உட்சுவர் புண்ணாகிச் சலத்தில் இரத்தம் தெரியும். கிருமியும் இராது, கல்லும் இராது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல்லாண்டு ஆராய்ந்த டோனி பஃபிங்டன், நோய் பையில் மட்டுமில்லை, அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் உடம்பு எதிர்வினை காட்டும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று காட்டினார். இதையும் இதனோடு சேர்ந்துவரும் மற்றக் கோளாறுகளையும் சேர்த்து 2011இல் கிரேக்கக் கதையில் வரும் பண்டோராவின் பெயரைச் சூட்டினார். திறக்கத் திறக்க ஏதாவது வெளிவரும் பெட்டி என்பது குறிப்பு. புதிய பூனை, புதிய குழந்தை, வீடு மாற்றம், கட்டட வேலை, ஆள்கூட்டம் எல்லாம் இந்நோயைத் தூண்டும். எசல பெரஹரா பார்க்க வந்த விருந்தாளிகளால் வீடு நிரம்பி, தன் நாற்காலியும் பறிபோன கடுவன் கட்டிலுக்கு அடியில் இருந்து என்ன நினைக்கிறது என்பதை அதன் பை சொல்லக்கூடும்.

கல் இருவகை. முதலாவது ஸ்ட்ருவைட், அதாவது மக்னீசியம் அமோனியம் பொஸ்பேற்று. 1845இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் புனித நிக்கலஸ் தேவாலயத்தின் அடித்தளம் தோண்டியபோது பழைய சாணமும் கழிவும் புதைந்த மண்ணில் கண்டெடுக்கப்பட்டு, ஸ்ட்ரூவ் என்னும் அறிஞரின் பெயரைப் பெற்ற கனிமம் இது. ஓர் அறிஞருக்குக் கிடைத்த இந்த மரியாதையை எண்ணி நூலாசிரியன் தன் பெயரை எதற்கும் தர விரும்பவில்லை. நுணுக்குக்காட்டியில் இதன் பளிங்கு சவப்பெட்டி மூடியின் வடிவில் தெரியும் என்று மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன. காரத்தன்மையுள்ள சலத்தில் விளையும் இக்கல், தக்க உணவு கொடுத்தால் சில வாரங்களில் கரைந்துபோகும். இரண்டாவது கல்சியம் ஒட்சலேற்று. இது எந்த உணவுக்கும் கரையாது. வெளியே எடுத்தாக வேண்டும்.

இவ்விரண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களில் தீனிக் கம்பனிகள் ஸ்ட்ருவைட்டுக்கு அஞ்சி மக்னீசியத்தைக் குறைத்துச் சலத்தை அமிலமாக்கும் உணவுகளைச் செய்தன. 1981இல் கார்ல் ஒஸ்போர்ன் மின்னசோட்டாவில் தொடங்கிய கல் ஆய்வு நிலையத்துக்கு வந்துசேர்ந்த பூனைக் கற்களில், அப்போது பத்தில் ஏழுக்கு மேல் ஸ்ட்ருவைட். 2002 அளவில் பாதிக்கு மேல் ஒட்சலேற்று. கரையும் கல்லை விரட்டிய இடத்தில் கரையாத கல் குடியேறியிருந்தது.

சக்கை என்பது கல்லன்று. அழற்சியால் கசிந்த புரதமும் சளியும் உதிர்ந்த கலங்களும், பெரும்பாலும் ஸ்ட்ருவைட் மணலோடு பிசைந்து, பற்பசை போலக் குழாய் நுனியில் இறுகுவது. கடுவனின் வாசலை அடைப்பதில் இது முன்னணியில் நிற்கும். எதுவுமே அடைக்காமல், வலியால் குழாயின் தசை இறுகி வாசல் மூடிக்கொள்வதும் உண்டு.

கிருமி கடைசியில் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. இளங்கடுவனில் கிருமித் தொற்று அரிது. பத்து வயது கடந்த பூனைகளிலேயே அது மிகும். ஆனால் மருந்துக்கடையில் முதலில் வாங்கப்படுவது கிருமிக்கான மாத்திரையே.

நோயன்று, ஆனால் நோயென்று எண்ணப்படுவது ஒன்றும் உண்டு: ஆண்மை நீக்காத கடுவன், நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுக்கிச் சுவரிலும் திரைச்சீலையிலும் பீச்சுவது. அது எல்லைக்கல் நடும் செயல். பீச்சுகிற பூனைக்குக் குழாய் திறந்திருக்கிறது என்று வீட்டார் மகிழலாம், திரைச்சீலையைத் தோய்த்த பிறகு.

நான்காவது: குறியியல்

அடைப்பின் குறிகள்: அடிக்கடி மணல்தட்டுக்குப் போதல், நெடுநேரம் குந்துதல், முக்குதல், கத்துதல், துளித்துளியாகவோ இரத்தத்தோடோ வருதல், பின்னங்காலைத் தூக்கி ஓயாமல் நக்குதல், குளியலறைத் தரை, கழுவுதொட்டி போன்ற குளிர்ந்த வழுவழுப்பான இடங்களைத் தேடுதல். பின்னே சேர்வன: மறைந்திருத்தல், உணவை மறுத்தல், வாந்தி, தொட்டால் சீறுதல்.

இக்குறிகளைப் படித்துப் பொருள் கொள்வோர் நால்வகையினர். தலையானவர் குறியைக் கண்ட அன்றே பூனையைக் கூடையிலிடுபவர். இடையானவர் இரண்டாம் நாள் கூடையிலிடுபவர். கடையானவர் மலச்சிக்கல் என்று முடிவு செய்பவர். நான்காமவர், “இவனுக்கு நேத்து நான் ஏசினேன், அதான் கோவத்துல இருக்கான்” என்று குணத்தில் காரணம் தேடுபவர்.

மூன்றாமவரின் பிழை மிகப் பரவலானது. மலத்துக்கு முக்கும் பூனையும் சலத்துக்கு முக்கும் பூனையும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: கடைசியாக ஈரமான மணலைப் பார்த்தது எப்போது என்று தன்னையே கேட்பது. விடை தெரியாவிட்டால், தெரியாது என்பதையே அபாயக் குறியாகக் கொள்ளவேண்டும். மலச்சிக்கல் நாளை வரை பொறுக்கும், சலமடைப்பு பொறுக்காது. இரண்டில் எதுவென்று ஐயம் வந்தால் கொல்லும் நோயையே முதலில் எடுத்துக்கொள்வது வழக்கு.

ஐந்தாவது: ஆலோசனையியல்

கண்டியில் ஒரு பூனை முக்கத் தொடங்கினால், அச்செய்தி வேலிக்கு அப்பால் போய், ஆலோசனையாகத் திரும்பி வரும். ஆலோசனை ஆறு வகைப்படும்.

ஒன்று, எண்ணெய். “அக்கா, இது மலச்சிக்கல்தான். ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் ஊத்துங்க, பொழுது விடியக்குள்ள சரியாயிரும்.” அடைபட்ட பூனைக்குப் பேதி கொடுத்தால் உடம்பின் நீர் மேலும் வற்றும், அடைப்பு அப்படியே இருக்கும்.

இரண்டு, பொல்பலா. சிறுபீளைக் கஷாயம் மனிதரின் சலக்கடுப்புக்கு இந்நாடெங்கும் குடிக்கப்படுவது. சலத்தைப் பெருக்குவது அதன் புகழ். மூடிய வாசலுக்குப் பின்னால் வெள்ளத்தைப் பெருக்குவது யாருக்கு நன்மை என்று ஆலோசகர் சொல்லமாட்டார்.

மூன்று, செவ்விளநீர். பேராதனை வீதி நெடுகக் குலைகுலையாகத் தொங்குவது, குளிர்ச்சி என்று பெயர் பெற்றது. இதைப்பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. அடைபட்ட கடுவனின் இதயத்தை நிறுத்துவதும் இரத்தத்தில் தேங்கிய பொட்டாசியமே.

நான்கு, பனடோல். இது ஆலோசனையன்று, நஞ்சு. பரசிட்டமோலை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, முரசு மண்ணிறமாகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஐந்து, அமுக்குதல். “வயித்தப் புடிச்சு மெல்ல அமுக்குனா வந்துரும்” என்பவர், நிரம்பி இறுகிய பை வெடிக்கும் என்பதை அறியார்.

ஆறு, மிச்ச மாத்திரை. போன மாதம் மகனின் தொண்டை வலிக்கு வாங்கியதில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்.

இந்த ஆறுக்கும் ஊரில் இருக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது? மூன்றாம் இயலில் தலையாயதென்று சொன்ன அழற்சி, குழாய் அடைபடாவிட்டால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரத்தில் பூனைக்கு யார் எதைக் கொடுத்தாரோ அவருக்கே புகழ். கஷாயம் கொடுத்த மாமி கஷாயத்தால் பிழைத்தது என்பார். மாத்திரை கொடுத்த அண்ணன் மாத்திரையால் என்பார். அடைபட்டதற்குக் கொடுத்துச் செத்துப்போன பூனைகளோ வேலிக்கு அப்பால் கதையாகப் போவதில்லை. ஆகவே ஊரில் உலவும் வெற்றிக் கதைகள் அனைத்தும் மருந்தில்லாமலே பிழைத்திருக்கக்கூடிய பூனைகளின் கதைகள். கேட்பவர் தம் வீட்டுப் பூனையும் அந்த வகையா என்று அறிய வழியில்லாமலே கரண்டியைக் கையில் எடுக்கிறார்.

ஆறாவது: பொழுதியல்

மூன்று மணித்தியாலம் ஒரு சாமம். எட்டுச் சாமம் ஒரு நாள். முழுதாக அடைபட்ட கடுவனின் ஆயுளைச் சாமத்தால் கணக்கிடுவதே முறை, நாளால் கணக்கிட்டால் எண் சிறுத்துப்போகும்.

முதல் நான்கு சாமம்: பை நிரம்பும். பூனை முக்கும், கத்தும், நக்கும். வயிற்றின் பின்பகுதியில் பை உருண்டு இறுகித் தட்டுப்படும். இந்தப் பொழுதில் வைத்தியரிடம் போனால் பெரும்பாலானவை பிழைத்து வீடு திரும்பும்.

எட்டுச் சாமம் ஆனபின்: வெளியேற வழியில்லாத யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் ஏறும். உணவு வெறுக்கும், வாந்தி வரும், சோர்ந்து படுக்கும். கத்துவது குறையும். “அப்பாடா, இப்ப அமைதியா இருக்கான்” என்று வீட்டார் நிம்மதியடையும் பொழுது இதுவே. நூலில் உள்ள எல்லாப் பொழுதுகளிலும் இதுதான் பொல்லாதது.

பதினாறு சாமத்தை நெருங்கும்போதும் அதற்கப்பாலும்: பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தளரும். நிமிடத்துக்கு 140க்குக் குறையாமல் துடிக்கவேண்டிய நெஞ்சு நூறுக்குக் கீழே இறங்கும். காதும் காலும் குளிரும். இரண்டு மூன்று நாட்களில் மரணம்.

மனிதரில் இதற்கு ஒப்பான பெரும்பெயர் வானவியலாளர் டைக்கோ பிராஹே. 1601ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிராக் நகரில் ஒரு விருந்தில், மேசையை விட்டு எழுவது மரியாதையன்று என்று சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தார். வீடு திரும்பியபின் சலம் சரியாகப் போகவில்லை. 11 நாளில் இறந்தார். நட்சத்திரங்களின் நிலையை அளந்தவருக்குப் பதினொரு நாள் கிடைத்தது. கடுவனுக்கு அதில் மூன்றிலொரு பங்கும் கிடைப்பது அரிது.

ஏழாவது: போக்கியல்

இவ்வூராருக்கு ஒரு பேறு உண்டு. இலங்கையின் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும், அதன் போதனா வைத்தியசாலையும் கண்டி நகரிலிருந்து ஆறேழு கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமோ வழியிலேயே, கட்டம்பேயில். தனியார் சிகிச்சை நிலையங்களும் நகரில் உண்டு. மன்னாரிலோ மொனராகலையிலோ ஒரு கடுவன் அடைபட்டால் அதன் வீட்டார் தேடி அலையும் ஒன்று, கண்டியாருக்கு ஒரு த்ரீவீல் தூரம். அதனாலேயே நாளைக்குப் போகலாம் என்ற எண்ணமும் கண்டியில் எளிதாக வருகிறது.

கொண்டுபோகும் முறை: மூடியுள்ள கூடை, இல்லாவிட்டால் காற்றுத் துளையிட்ட மட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பழைய துணி. மேலே போர்த்த ஒரு துவாய். மடியில் வைத்துக்கொண்டு போனால் கட்டுக்கலை நெரிசலில் ஹோர்ன் அடிக்கும் முதல் பஸ்ஸுக்கே பூனை த்ரீவீலை விட்டுப் பாயும்.

அங்கே வைத்தியர் முதலில் வயிற்றைத் தொட்டுப் பையைப் பார்ப்பார். கடைசியாக எப்போது சலம் போனது என்று கேட்பார். எந்த மொழியில் கேட்டாலும் முதல் கேள்வி அதுதான். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் முதலில் நாளம் வழியாகச் சேலைன் ஏற்றி, இதயத்தைக் காக்கக் கல்சியம் குளுக்கோனேற்று கொடுப்பார். பூனையை மயக்கி, ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய குழாயை நுனிவழியே செலுத்தி, சேலைனைப் பீச்சி அடைப்பை உள்ளே தள்ளிப் பையைக் காலியாக்குவார். அந்தக் குழாய் ஓரிரு நாளோ அதற்கு மேலோ உள்ளேயே இருக்கும். அடைப்பு நீங்கியபின் சலம் பெருவாரியாகப் போகும். போன நீரை ஏற்றித் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆகையால் “குழாய் போட்டாச்சுதானே, கூட்டிட்டுப் போறோம் டொக்டர்” என்று அவசரப்படலாகாது.

மறுபடி அடைபடுவது அபூர்வமன்று. வீட்டுக்கு வந்த முதல் வாரம் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டிய வாரம். அடிக்கடி அடைபடும் கடுவனுக்கு இறுதியாக ஓர் அறுவை உண்டு: ஒடுங்கிய நுனிப்பகுதியை நீக்கி, அகலமான இடத்தில் வாசல் வைத்தல். இரண்டாம் இயலில் சொன்ன ஒரு மில்லிமீற்றர் குறையை வெட்டி எறிந்து கடுவனுக்குப் பெட்டையின் வசதியை வழங்குவது அது. கல் உண்டாவதை அது தடுக்காது. கிருமி ஏறவும் சற்று வழி கூடும். செலவும் சிறிதன்று, அதை வைத்தியரிடம் வெளிப்படையாகப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டாவது: காப்பியல்

வருமுன் காப்பது நீரால், தட்டால், அமைதியால் என முத்திறத்தது.

நீர்: உணவில் நீர் கலந்திருக்கவேண்டும். டின்னிலும் பக்கெட்டிலும் வரும் ஈரத்தீனியில் முக்கால் பங்கு நீர். 2022இன் டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதித் தீனி கைக்கெட்டாமற்போனபோது பலரும் மீண்டும் மீனுக்கும் சோற்றுக்கும் திரும்பினர். உப்பும் தூளும் சேர்க்காமல் அவித்த மீனை அவித்த தண்ணீரோடே கொடுத்தால் நீர் உள்ளே போகும். ஆனால் மீன் மட்டுமே பூனைக்கு முழு உணவாகாது. கருவாடு நீரைக் கொடுப்பதற்குப் பதில் கேட்கும். உலர்தீனியே கதி என்றால் அதில் வெந்நீர் ஊற்றி ஊறவிடலாம். தண்ணீர்க் கிண்ணங்களைச் சோற்றுத் தட்டுக்கு அருகில் வைக்காமல் வீட்டின் வெவ்வேறு மூலைகளில் வையுங்கள். அகன்ற கிண்ணமாக இருக்கட்டும். சொட்டும் குழாயில்தான் குடிப்பேன் என்று நிற்கும் கடுவனோடு வாதாட வேண்டாம், குழாயைச் சொட்டவிடுங்கள்.

தட்டு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே மணல்தட்டுகளின் எண்ணிக்கை. நாளாந்தம் அள்ளிச் சுத்தம் செய்யவேண்டும். அள்ளும்போது ஈரக்கட்டிகளை எண்ணும் பழக்கம் வந்தால், நான்காம் இயலின் கேள்விக்கு விடை எப்போதும் கைவசம் இருக்கும். தோட்டத்து மண்ணில் போய்வரும் பூனைக்கும் வீட்டுக்குள் ஒரு தட்டு வேண்டும். அடைமழை நாளில் அது வெளியே போகாமல் அடக்கிக்கொண்டிருக்கும்.

அமைதி: ஏறியிருக்க ஓர் உயரம், ஒளிந்திருக்க ஓர் இடம், நேரத்துக்கு உணவு, தினமும் சிறிது விளையாட்டு, எடைக் கட்டுப்பாடு. விருந்தினர் வந்தாலும் அதன் நாற்காலி அதற்கே. இதைப் பெரியவர்களிடம் சொல்லி விளங்கவைப்பது கடினமாக இருக்கலாம்.

இன்னொன்று: போயா தினத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் எந்த வைத்தியர் பார்ப்பார் என்று, பூனை நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

புறனடை

இடத்தால் ஐந்து, காரணத்தால் நான்கு, கல்லால் இரண்டு, பார்ப்போரால் நான்கு, ஆலோசனையால் ஆறு, காப்பால் மூன்று என இந்நூல் வகுத்தவை அனைத்தும் வைத்தியரிடம் போய்வந்தபின் ஆறுதலாகப் படிக்கவேண்டியவை. எது அழற்சி, எது கல், எது சக்கை என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய எந்தப் புலவராலும் ஆகாது. பிரிக்க முயலும் நேரத்தில் சாமங்கள் கழியும். வீட்டாருக்கு உரிய வகுப்பு ஒன்றே, அது இரண்டே கூறுடையது: சலம் போகிற கடுவன், சலம் போகாத கடுவன். முதலாவது வலியோடும் இரத்தத்தோடும் போகுமானால், ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். இரண்டாவது இரவு பதினொரு மணிக்குத் தெரியவந்தாலும் விடியும்வரை காத்திராமல், யாரிடமும் யோசனை கேட்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், கூடையிலிட்டு உடனே கொண்டுபோங்கள்.